செல்லச்சாமி கூப்பிடாத பெயர்

ஓய்வு பெற்ற நீதிபதிகளுக்கு ஓய்வு பிடிக்காது. அவர்களுக்குத் தட்டெழுதியே விரல் தேய்ந்த நான் சொல்கிறேன், நம்பலாம். கடைசி நாளில் மாலை போட்டு, குத்துவிளக்கு ஒன்றைப் பரிசாகக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். கொஞ்ச நாள் ரோசாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், பத்திரிகை போடுகிற பையன் பிந்தி வந்தால் குறுக்கு விசாரணை செய்வார்கள். அப்புறம் கொழும்பிலிருந்து ஒரு தொலைபேசி வரும். இரண்டு கம்பெனிக்காரர்கள் சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்கள். கோர்ட்டுக்குப் போனால் பேரப்பிள்ளை காலத்தில்தான் தீர்ப்பு வரும், ஐயாவே நடுவில் இருந்து தீர்த்து வையுங்கள் என்பார்கள். அன்றோடு ஐயாவுக்கு நடுத்தீர்ப்பாளர் என்று புதுப்பெயர். குளிரூட்டிய ஹோட்டல் மண்டபம், கட்லட், தோடம்பழச் சாறு, கதிரையை இழுத்துவிட ஒரு சட்டத்தரணி.

ஆனால் அந்தப் பதவியில் ஒரு முள் இருக்கிறது. கோர்ட்டில் நீதிபதி யாரிடமும் சம்மதம் கேட்பதில்லை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. நடுத்தீர்ப்பாளர் அப்படி இல்லை. முதல் நாள் இரண்டு பக்கத்தையும் பார்த்து, "என்னை நடுவராக ஏற்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும். ஒருவர் இல்லை என்று சொல்லிவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் ராஜரத்தினம் ஐயா அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் கசாயம் குடிப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

ஐயா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். மலைநாட்டில் ஒரு பெரிய கோர்ட்டில் நெடுங்காலம் இருந்தார். எந்த ஊர்க் கோர்ட் என்று சொல்லமாட்டேன், கேட்காதீர்கள். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் வெளிநாட்டில். ஐயா கண்டியில் ஹந்தானை மேட்டில் வீடு வாங்கிக்கொண்டு தங்கிவிட்டார். ஹோட்டல் மண்டபம் அவருக்கு ஒத்துவரவில்லை. வழக்காடுகிறவர்கள் எல்லாரும் அந்த வீட்டுக்கே ஏறி வரவேண்டும் என்றார், வந்தார்கள். தட்டெழுத என்னைக் கூப்பிட்டார். நான் டொரதி, கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறேன், ஐயாவின் பழைய கோர்ட்டில் கடைசி சில வருடம் தட்டெழுத்தாளராக இருந்தவள். பெயர் கூப்பிடச் செல்லச்சாமியைக் கூப்பிட்டார்.

நான் சொல்ல வந்ததே செல்லச்சாமியைப் பற்றித்தான். நீதிபதிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு வாய் நிற்காது, மன்னியுங்கள்.

செல்லச்சாமி தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவர். கோர்ட்டில் அவருடைய வேலைக்கு ஆராச்சி என்று பெயர். நீதிபதி வரும்போது எல்லாரையும் எழும்பச் சொல்வதும், வாசலில் நின்று சாட்சிகளின் பெயரை மூன்று தடவை கூப்பிடுவதும் அவர் வேலை. மூன்றாவது தடவைக்கும் ஆள் வராவிட்டால் அந்தச் சாட்சி இல்லாமலே வழக்கு நடக்கும். ஆள் ஒரு பிடிதான் இருப்பார், ஆனால் வாயைத் திறந்தால் தெருமுனையில் ரொட்டிக் கடையில் இருப்பவன்கூட எழுந்து நிற்பான். வீட்டிலும் அப்படித்தானா என்று அவர் மனைவி வடிவம்மாவைக் கேட்டுச் சிரிப்போம். "வீட்டுல அவரு வாயே தெறக்க மாட்டாரு, நான்தான் மூணு தடவ கூப்பிடணும்" என்பாள் அவள்.

ஒரு நாள் காணி வழக்கில் ஒரு கிழவருடைய பெயரைக் கூப்பிட்டார். மூன்றாவது தடவைக்கு, கூட்டத்துக்குள்ளிருந்து "இருக்கேன்" என்று தெளிவாக ஒரு சத்தம் வந்தது. கூட்டம் விலகி வழி விட்டது. யாரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கிழவருடைய மகன் ஓடிவந்து, அப்பா விடியற்காலையில் செத்துப்போனார் என்று சொன்னான். கோர்ட்டே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அந்த வாரமே, நன்றாக இருந்த வடிவம்மா படுத்தாள், எழும்பவில்லை. காய்ச்சல் என்று டாக்டர் எழுதினார். செல்லச்சாமி டாக்டரை நம்பவில்லை, கூப்பிட்டதற்கு வந்தவர்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனார் என்றார். அதற்குப் பிறகு, செத்தவர் என்று தெரிந்தால் இரண்டு தடவைதான் கூப்பிடுவார். மூன்றாவதை விழுங்கிவிடுவார். எல்லாருக்கும் அது தெரியும், யாரும் கேட்கவில்லை.

நான் கத்தோலிக்கச்சி. செத்தவர்களுக்குப் பூசை ஒப்புக்கொடுப்போம், வா என்று கூப்பிட்டு விசாரிக்கமாட்டோம். அதனால் எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

ஹந்தானை வீட்டுக்கு வந்த பிறகுதான் அது பெரிய விஷயமானது. ஐயா அங்கே நடைமுறை எல்லாவற்றையும் தன் விருப்பப்படி வைத்திருந்தார். பெரிய கூடத்தில் நீள மேசை, அதற்குப் பக்கத்தில் சாட்சிக்கு ஒரு பிரம்புக் கதிரை. எல்லாச் சாட்சியும் முடிந்த பிறகும் அந்தக் கதிரையை மேசைக்கு அடியில் தள்ள விடமாட்டார். "வேறு சாட்சி உண்டா?" என்று கேட்பார். இரண்டு பக்கமும் இல்லை என்று சொல்லும். ஐயா தலையைத் திருப்பாமல், "செல்லச்சாமி, கூப்பிடும்" என்பார்.

செல்லச்சாமி விறாந்தையின் ஓரத்துக்குப் போவார். கீழே தேயிலைச் சரிவு, அதற்கும் கீழே மூடுபனிக்குள் கண்டி. "நல்லம்மா! நல்லம்மா! நல்லம்மா!" என்று கூப்பிடுவார். பிறகு எல்லாரும் சும்மா இருக்க வேண்டும். தேத்தண்ணிக் கோப்பையைக்கூடத் தொடக்கூடாது. அந்த நேரம் காகம்கூடக் கத்தாது. நான் ஒவ்வொரு முறையும் கீழே வாசல் படலைப் பக்கம் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன், ஏனென்று கேட்டால் எனக்கே தெரியாது. நல்லம்மா என்று எந்தக் கம்பெனியிலும் யாரும் இல்லை.

முதல் தடவை ஒரு சட்டத்தரணி யார் அது என்று கேட்டார். "இங்கை நடைமுறை என்ர நடைமுறை" என்றார் ஐயா. என் பக்கம் திரும்பி, "இதை எழுத வேண்டாம், டொரதி" என்றார். கொழும்பிலிருந்து வந்த இளம் சட்டத்தரணி ஒருவர் இது கண்டியில் உள்ள மரபாக்கும் என்று நினைத்து, கையைக் கட்டித் தலைகுனிந்து நின்றார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

கடைசியில் குசினியில் வைத்துச் செல்லச்சாமியைப் பிடித்துக்கொண்டேன். "யாருண்ணே அந்த நல்லம்மா?"

அவர் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார். நான் தட்டெழுத அந்தக் கோர்ட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்த கொலை வழக்கு. கடைவீதியில் ஒரு கடை முதலாளியைக் கத்தியால் குத்திவிட்டார்கள். தோட்டத்துப் பையன் அமலதாஸைப் பிடித்து நிறுத்தினார்கள். "நான் அந்த ராத்திரி நல்லம்மா வீட்டில் இருந்தேன், அவளைக் கேளுங்கள்" என்பதைத் தவிர அவன் வேறு ஒன்றும் சொல்லவில்லை. நல்லம்மாவைக் கூப்பிட்டார்கள். மூன்று தடவைக்கும் வரவில்லை. அவன் பக்கத்துச் சட்டத்தரணி இன்னொரு தவணை கேட்டார். வழக்கு ஏற்கெனவே இழுபட்டுவிட்டது என்று ஐயா மறுத்தார். அமலதாஸுக்குத் தண்டனை கிடைத்தது. நெஞ்சு நோய் கண்டு சிறையிலேயே செத்துப்போனான்.

"அதுலருந்து ஐயாவுக்கு அந்தப் பொண்ணு வராதது மனசுல கெடக்குதும்மா. அவ வந்து, ஆமா இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லணும். அதுக்குத்தான் கூப்பிடச் சொல்றாரு."

"அவ உசுரோட இருக்காளா?"

"செத்துட்டான்னு யாரும் சொல்லல. அதனாலதான் மூணு தடவ கூப்பிடுறேன்." கையைத் துடைத்து, துணியைக் கொடியில் போட்டார். "எனக்கு ஒரே ஒரு பயம்தான் டொரதி. ஒரு நாளைக்கு ஐயா அமலதாஸையும் கூப்பிடச் சொல்லிருவாரு. அன்னிக்கு நான் என்ன செய்வேன்? தர்ஷனா மாசமா இருக்கா."

தர்ஷனா அவருடைய ஒரே மகள். கலியாணமாகி நெடுநாள் கழித்து வயிற்றில் உண்டாகியிருந்தாள். நான் அவரைச் சமாதானப்படுத்தினேன், அப்படியெல்லாம் நடக்காது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

கெலிஓயாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்காரர் ஒருவருக்கும் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவருக்கும் இடையில் ஒரு வழக்கு நடந்தது. மண் சரியாமல் இருக்கக் கட்டிய மதிலே சரிந்துவிட்டது, யார் பிழை என்பதுதான் சண்டை. கடைசி நாள் அன்று மழை. மதில் விழுந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே எல்லாரும் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லச்சாமிக்கு அன்றைக்கு ஒன்றும் ஓடவில்லை, தர்ஷனாவைக் காலையில்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பின்னேரம் சாட்சி முடிந்தது. வழக்கம்போல நல்லம்மாவைக் கூப்பிட்டார். வழக்கம்போல யாரும் வரவில்லை. சட்டத்தரணிமார் கோப்புகளைக் கட்டிக்கொண்டு வேன்களில் இறங்கிப் போனார்கள்.

வேன் சத்தம் அடங்கியது. நான் கணினியை மூடப்போனேன்.

"வந்துட்டேங்க" என்றது படலைப் பக்கம் ஒரு குரல்.

செல்லச்சாமியின் கையிலிருந்த தட்டம் விழுந்தது. ஒரு வயதான பெண் கறுப்புக் குடையோடு படியேறி வந்தாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், நான் முதலில் கால் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். இருந்தது, ரப்பர் செருப்பும் சேறுமாக இருந்தது.

"கூப்பிட்டது போதுங்க, வந்துட்டேன்" என்றாள். யாரும் சொல்லாமலே கூடத்துக்குள் வந்து, சாட்சிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள்.

ஐயாவின் முகத்தில் இரத்தம் இல்லை. ஆனால் குரல் பழைய கோர்ட்டுக் குரலாகத்தான் வந்தது. "உம்முடைய பெயர்?"

"நல்லம்மாங்க. ஊரு மடுல்கெல்ல."

"அண்டைக்கு ஏன் வரேல்லை?"

"வந்தேங்க." அவள் செல்லச்சாமியைப் பார்த்தாள். "வாசல்லதான் நின்னேன். இவருதான் கூப்பிட்டாரு. மூணு தடவையும் கேட்டுச்சு. எங்கண்ணன் பக்கத்துல நின்னு என் கையப் புடிச்சிக்கிட்டிருந்தான். வாயத் தெறந்தா அடுத்த கத்தி உனக்குத்தான்னான். கத்தி அவனோடதுங்க. கடைக்காரரக் குத்துனதும் அவன்தான். அமலதாஸு அந்த ராத்திரி பூரா என் வீட்டுலதான் இருந்தாரு. விடிஞ்சுதான் போனாரு."

எனக்கு அவள்மீது கோபம் வந்தது. பிறகு அவள் மணிக்கட்டை அவளே பிடித்துக்கொண்டு இருப்பதைப் பார்த்தேன். அந்தக் கோபம் போய்விட்டது.

"இந்த வீடு எப்பிடித் தெரியும் உமக்கு?" என்று ஐயா கேட்டார்.

"ரெண்டு மூணு வருசமா பின்னேரம் ஆனா யாரோ என் பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க. தெனமும் இல்லீங்க, எப்பவாச்சும். மொதல்ல காத்துன்னு நெனச்சேன். பெறகு குரலு தெரிஞ்சிச்சு. மறக்கிற குரலா அது? பழைய கோர்ட்டுல போயி, இந்த ஆராச்சி எங்கன்னு விசாரிச்சேன், ஹந்தானையில இருக்காருன்னாங்க." அவள் கும்பிட்டாள். "அண்ணன் செத்துட்டான் சாமி. எனக்கு ஒண்ணும் வேணாம். தூக்கம் வரமாட்டேங்குது. என்னையப் போகச் சொல்லுங்க. அன்னிக்கு யாரும் என்னையப் போகச் சொல்லலையே."

ஹந்தானையிலிருந்து மடுல்கெல்லவுக்குப் பன்விலை வழியாகப் பஸ்ஸில் போனாலே முதுகு முறிந்துவிடும், நடுவில் எத்தனை மலை. எந்த மனிதக் குரலும் அவ்வளவு தூரம் போகாது. அதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை.

"சாட்சி போகலாம்" என்றார் ஐயா.

அவள் நீளமாக மூச்சு விட்டாள். எழுந்து, குடையை விரித்து, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்று நான் சொன்னது அவள் காதில் விழவில்லை. எனக்கு ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. இனி இந்தக் கூப்பாடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஐயா அசையாமல் இருந்தார். "செல்லச்சாமி, அமலதாஸைக் கூப்பிடும்" என்றார்.

"ஐயா, வேணாங்க."

"நான் அவனை விடுவிக்க வேணும்."

"செத்தவரு ஐயா."

"ஓம், தெரியும். கூப்பிடும்."

செல்லச்சாமி அழுதுவிட்டார். ஒரு வளர்ந்த மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "என் மக ஆஸ்பத்திரியில இருக்காங்க ஐயா" என்றார். ஐயா விறாந்தைப் பக்கம் கையைக் காட்டினார். அந்த நிமிடம் ஐயாவை எனக்குப் பிடிக்கவில்லை, முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன், தைரியம் வரவில்லை. அத்தனை வருடமும் அந்த மனிதரின் வார்த்தைக்கு எழும்பி நின்ற கால்கள் செல்லச்சாமியுடையவை. அவை தாமாக விறாந்தைக்குப் போயின.

"அமலதாஸ்!" என்று கூப்பிட்டார். மூடுபனி விறாந்தைப் படிவரைக்கும் வந்திருந்தது. "அமலதாஸ்!" என்றார். அதோடு வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

நாங்கள் காத்திருந்தோம். ஐயா கைத்தடியை ஊன்றி எழுந்தார். மெதுவாக விறாந்தைக்கு வந்து, செல்லச்சாமியின் தோளில் கை வைத்தார். வாழ்க்கையிலேயே அவர் செல்லச்சாமியைத் தொட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"மூண்டாவது என்ர கணக்கு. நீர் தள்ளி நில்லும்" என்றார்.

ஆயுள் முழுவதும் ஆள் வைத்துப் பெயர் கூப்பிட்ட மனிதருக்குக் கூப்பிடத் தெரியவில்லை. குரல் கீறி, பாதியில் உடைந்து வந்தது. "அமலதாஸ்."

தாழ்வாரத்துத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னால், யாரும் இல்லாத கூடத்துக்குள், பிரம்புக் கதிரை கிறீச்சிட்டது. ஆள் உட்கார்ந்தால் வருகிற சத்தம். பின்னல் தாழ்ந்திருந்தது என்று செல்லச்சாமி இன்றைக்கும் சொல்வார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். சத்தம் கேட்டது, அதை வேதப் புத்தகத்தில் கைவைத்துச் சொல்வேன்.

ஐயா உள்ளே போனார். தன் கதிரையில் உட்காரவில்லை, அதற்குப் பின்னால் நின்றார்.

"அமலதாஸ், அண்டைக்கு உம்மைக் கேக்காமல் தீர்ப்புச் சொன்னன்" என்றார். "இண்டைக்குக் கேக்கிறன். என்னை நடுவராக ஏற்கிறீரா?"

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. மூடுபனி கூடத்துக்குள் வந்து, மேசையின் மறுமுனை தெரியாமல் போனது. நான் மனதுக்குள் மாதாவுக்கு அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன், பாதியில் மறந்து மறுபடியும் தொடங்கினேன். ஏற்றுக்கொள்ளப்பா, இந்தக் கிழவரை விட்டுவிடு என்று இடையிடையே கெஞ்சினேன்.

கதிரை மறுபடியும் கிறீச்சிட்டது. எழும்பும்போது வருகிற சத்தம். கொஞ்சம் கழித்துக் கீழே படலையின் கொண்டி விழுந்தது.

"ஏற்கேல்லை" என்றார் ஐயா. பிறகு என்னைப் பார்த்தார். "எழுதும், டொரதி."

ஏற்கவில்லை என்று எழுதினேன். அந்தக் கூடத்தில் நான் கடைசியாகத் தட்டிய சொல் அதுதான்.

அன்று இருட்டுவதற்குள் தர்ஷனாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நல்ல சுகம். செய்தி வந்ததும் செல்லச்சாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐயா மதில் வழக்கையும், கையில் இருந்த மற்ற வழக்குகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். உடம்புக்கு முடியவில்லையாக்கும் என்று கொழும்பில் பேசிக்கொண்டார்கள். வேறு ஓய்வு பெற்ற நீதிபதிகள் அந்த இடத்துக்கு வந்தார்கள், அவர்களுக்குப் பஞ்சமில்லை.

செல்லச்சாமி அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. கூப்பிட ஒரு பெயரும் இல்லை, ஆனாலும் போனார். சமைத்தார், பத்திரிகை வாசித்துக் காட்டினார். ஐயா அந்தப் பிரம்புக் கதிரையை விறாந்தைக்குக் கொண்டுவரச் சொல்லி, படலையைப் பார்த்தபடி அதில் உட்கார்ந்திருப்பார். தன் பெரிய சாய்வுக் கதிரையில் உட்காரவே மாட்டார். ஏன் என்று கேட்டால், "என்னைக் கூப்பிடுவினம், செல்லச்சாமி. அப்ப நான் வாசலிலை இருக்க வேணும். ஆக்களைக் காக்க வைக்கக் கூடாது" என்பாராம்.

ஒரு நாள் பின்னேரம் நான் சீனிச்சம்பல் பனிஸ் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். மழை இல்லை, நல்ல வெயில். ஐயா சந்தோசமாகத்தான் இருந்தார், மகன் அனுப்பிய படத்தைக் காட்டினார். பேரன் என்ன படிக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"ஓம், வாறன்" என்றார்.

கைத்தடி இல்லாமல் எழுந்து நின்றார். படலைப் பக்கம் ஓர் அடி வைத்தார். நானும் செல்லச்சாமியும் பாய்ந்து பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

அவரை விறாந்தையில் கிடத்திவிட்டுப் படலையைப் பார்த்தேன். யாரும் இல்லை. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, அதை நான் இன்றைக்கும் சொல்வேன். செல்லச்சாமி ஐயாவின் கண்களை மூடிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு தடவதான் கூப்பிட்டாங்கம்மா" என்றார். "ஐயா ரெண்டாவது தடவைக்கு நிக்கல."